வாய் நிறையத் தண்ணீர்

என் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. பட்டாபிராமில் எங்கள் தெருவுக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதில் உட்கார்ந்திருப்பார்கள். ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவர்கள், கரண்ட் இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்து போகாதவர்கள், சென்ட்ரல் போகிற ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயில் வரைக்கும் பொழுது போகாதவர்கள். உட்காராத ஒரே ஆள் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பி.டி. மிஸ்தான்.

அவர் முதல் தடவை வந்தபோது மரியாதைக்காக ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"உட்காருங்க மிஸ்."

"நீங்க மொதல்ல எழுந்திருங்கண்ணே. வந்ததுல இருந்து பாக்கறேன், மெஷினுக்குப் பேப்பர் வெக்கறதுகூட உட்காந்துகினேவா?"

அது அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்ப்பாரோ என்று பயம்.

பயம் என்று சொல்லும்போதே என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் பயப்படுவதற்கென்றே பிறந்த ஆள். கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்து, பார்த்தேனா என்று மறுபடி வந்து பார்க்கிறவன். மகள் தும்மினால் ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிடுவேன். ஆட்டோ ஓட்டும் சேகர் என் சிநேகிதன். அவன் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. என் நம்பரை அவன் போனில் 'தும்மல்' என்று போட்டு வைத்திருக்கிறான். "தும்மல் கூப்பிடுதுடா" என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் எடுப்பான்.

இப்படிப்பட்ட என் கடைக்கு நேர் எதிரே, அசையாமல் இருக்கிற எதைப் பார்த்தாலும் கை பரபரக்கிற ஒரு மனுஷி வந்து சேர்ந்தார்.

ஒல்லியான, குள்ளமான உருவம். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பார். காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. கழுத்தில் விசில் தொங்கும்; அது ஊதி நான் கேட்டதே இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கோவில்பதாகையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். சீட்டில் உட்காராமல் பெடலில் நின்றபடியே வருவார். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் அங்கே நிற்க மாட்டார். குடித்தபடி ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். "மிஸ்ஸுக்குக் குடுத்த கிளாஸு மட்டும் டெய்லி டூட்டிக்குப் போய்ட்டு வருது" என்பார் டீ மாஸ்டர்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருஷம் அது. பிள்ளைகள் போனைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்தே வளர்ந்திருந்தார்கள். முதல் நாள் மிஸ் மூன்றாம் வகுப்பைக் கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடச் சொன்னார். அது ஒரு ஓட்டமே இல்லை. நான் கடையிலிருந்து உமிழ்ந்தால் போய் விழுகிற தூரம். பாதி வழியில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். சேகரின் மகன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், இத்த வீடியோ மாரி நடுவுல பாஸ் பண்ண முடியாதா?" என்று கேட்டான். மிஸ் சிரிக்கவில்லை. அன்றைக்கு டீயை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டையும் தாண்டிப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் என்று சொல்கிறேனே தவிர, அது அடுத்தடுத்து நின்ற இரண்டு வீடுகளை ஒன்றாக்கியது. நடுவில் ஒரு மணல் சந்து. அதன் கோடியில் சின்டெக்ஸ் தொட்டி. அவ்வளவுதான் மைதானம். இரண்டு பக்கமும் வகுப்பறை ஜன்னல்கள். அதற்கு முன்பெல்லாம் பி.டி. பீரியட் என்றால் கணக்கு மிஸ் வந்து போர்ஷன் முடிக்கிற பீரியட் என்று அர்த்தம். இவர் வந்ததும், பெல் அடிப்பதற்கு முன்பே வகுப்பு வாசலில் போய் நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கணக்கு மிஸ் சாக்பீஸோடு வந்து காலி பெஞ்சைப் பார்ப்பார். விவகாரம் கரஸ்பாண்டென்ட் வரைக்கும் போனது. அவர் நல்ல மனுஷர்தான். அவருக்கு ஒரே ஒரு நோய்: சத்தம் ஆகாது. பள்ளிக்கூடம் நடத்த வந்தவருக்கு வரக்கூடாத நோய்.

"விளையாட விடணும்னு ரூல்ஸ் இருக்கு, விடுங்க. ஆனா ஒரு சத்தம் என் காதுல விழக்கூடாது. விழுந்த அன்னைக்கு அந்தப் பீரியட் கணக்குக்குப் போயிடும்" என்றார். சத்தமில்லாமல் பிள்ளைகள் விளையாட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் தானாகவே நின்றுவிடும் என்றுதான் நினைத்தார்.

மிஸ் அதை ஒரு விளையாட்டு விதியாக எடுத்துக்கொண்டார். விசில் வாயே திறக்கவில்லை. கையை உயர்த்தினால் ஓடு, இறக்கினால் நில், புருவத்தைத் தூக்கினால் திரும்பு. வெறும் காலோடு மணலில் பூனை மாதிரி ஓடுவார்கள். கபடி மட்டும் இடித்தது. பாடிப் போகிறவன் 'கபடி கபடி' என்று சொல்லாமல் எப்படி? அதற்கு மிஸ் கண்டுபிடித்ததுதான் தண்ணீர். கோட்டைத் தாண்டுகிறவன் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு மூக்கு வழியாக. மிஸ் ஐந்து விரலை விரித்துக் காட்டி ஒவ்வொன்றாக மடக்குவார்; எல்லாம் மடங்குவதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். துப்பினாலும் அவுட், விழுங்கினாலும் அவுட். சிரித்தால் கேட்கவே வேண்டாம். பிடிக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் கிடையாது. அவர்கள் பிதுங்கின கன்னத்தைப் பார்த்தும் சிரிக்காமல் இருப்பதே பெரிய பாடு.

இன்னொரு விஷயம். மற்ற வகுப்புகளில் தப்பு செய்தால் நிற்க வைப்பார்கள், முட்டி போடச் சொல்வார்கள். இவர் வகுப்பில் தப்பு செய்தால் உட்கார வேண்டும். அதற்கென்று தொட்டி பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி. அடுத்தவனைத் தள்ளினாயா, போய் உட்கார். கோடு தாண்டிவிட்டு இல்லை என்றாயா, போய் உட்கார். சில நாளிலேயே அந்த நாற்காலியைக் கண்டால் பிள்ளைகளுக்கு நடுக்கம். நாள் முழுக்க பெஞ்சில் உட்காருகிற அதே பிள்ளைகள்தான்.

என் மகளுக்கு வீசிங் உண்டு. குளிர்காலத்தில் இழுக்கும். நெஞ்சுக்குள் சன்னமாக விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் என் உயிர் ஸ்டாண்டில் இருக்கும் சேகரின் ஆட்டோவில் போய் முதலில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பள்ளி திறந்த வாரமே சாலையைத் தாண்டிப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன்.

"எங்க பாப்பாவ மட்டும் ஓட விடாதீங்க மிஸ்."

"டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவங்க சொன்னா நான் மீற மாட்டேண்ணே. ஆனா இங்க உட்கார்றதுக்கு ஒரே ஒரு சேர்தான் கீது."

அந்தச் சேரின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. சாயந்திரம் பாப்பா கடைக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:

"ப்பா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

என் மனைவி அன்றிரவு சோறு போடும்போது பிடித்துக்கொண்டாள். "டாக்டர் எதிர்ல நானுந்தான் உட்காந்துகினு இருந்தேன். ஓடலாம்னாரு. மெதுவா ஆரம்பிச்சு ஓடணும், இழுப்பு வந்தா நிக்கணும், பம்பு பையில இருக்கணும்னாரு. உனக்கு 'இழுப்பு வந்தா' மட்டும் கேட்டுச்சு. மிச்சத்துக்குக் காது அடைச்சிகிச்சா?"

"ஆம்பளைங்களுக்குக் காது கொஞ்சம் சின்னதுடி" என்றேன். ரசம் எனக்கு வரவில்லை.

மிஸ் என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் என்னை இன்னும் படபடக்க வைத்தது. பாப்பாவுக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார்: தண்ணீர்ப் பொறுப்பு. பாட்டில்களை நிரப்பி வரிசை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது, காலி பாட்டிலை வாங்கி வருவது. முதலில் மெதுவாக நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். 'நடக்க விடாதீர்கள்' என்று நான் சொல்லவில்லையே, எதைச் சொல்லி ஆட்சேபிப்பது? கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். அந்த வருஷம் ஒருத்தருடைய குடும்ப அட்டையை ஓரம் வெட்டுப்படாமல் நான் நகலெடுத்ததாக நினைவில்லை.

காலையில் பாப்பாவின் இன்ஹேலர் பம்பை வாங்கி, தன் இடுப்பில் கட்டிய சின்னப் பையில் மிஸ்ஸே வைத்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேன்.

"சேர்ல உட்காந்துகினு கீற புள்ளைக்கு எதுக்கு மிஸ், பம்பு உங்க இடுப்புல?"

"எழுந்திருக்கும்போது வேணும்ல?"

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி, நின்றபடியே போய்விட்டார்.

அவர் ஏன் இப்படி என்று எங்கள் தெருவில் பல பேச்சு உண்டு. காலில் ஏதோ ஆணி என்றார் டீ மாஸ்டர். கல்யாணத்தில் சேர் தகராறு நடந்திருக்கும் என்றான் சேகர். ஒருநாள் அவருடைய அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகலெடுக்க வந்தார். மெஷின் சூடாகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நடந்துகொண்டிருந்தார். கேட்டே விட்டேன்.

"எங்கம்மா அம்பத்தூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில தையலுண்ணே. எங்க ஆளுங்க தலைமுறை தலைமுறையா அடுத்தவன் வயல்ல குனிஞ்சவங்க. உட்காந்து பாக்கற வேலை, தலைக்கு மேல ஃபேனுன்னதும் தெருவே எங்கம்மாவ அதிசயமாப் பாத்துச்சு. அதுவும் பெருமையா உட்காந்துச்சு. உட்காந்துச்சு, உட்காந்துச்சு, இப்ப எழுந்திருக்க ரெண்டு பேரு கை குடுக்கணும்."

நான் காகிதத்தோடு அப்படியே நிற்பதைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமான்னு கேட்டா தெரியலண்ணே. எனக்குப் பொறக்கும்போதே உடம்புல எறும்பு. சரி, ஓரம் வெட்டுது பாருங்க, பேப்பர நேரா வைங்க."

அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். பக்கத்தில் நின்றால் நமக்கும் அந்த எறும்பு ஏறிவிடும். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் குட்டி பெஞ்சுகளில் முட்டி வாயைத் தொட உட்கார்ந்திருக்கும்போது, அவர் வாசலில் போய் வந்துகொண்டிருப்பார். அந்த நிழல் சுவரில் போகும், வரும். கரஸ்பாண்டென்ட் பேசுவது ஒன்றும் மண்டையில் ஏறாது.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

அந்த வாரம் அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. கன்னம் வீங்கி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றதுகளை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த நேரத்திலிருந்து என் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து பள்ளிக் கேட்டின் கம்பிகள் வழியாகத் தொட்டியும் சிவப்பு நாற்காலியும் மட்டும்தான் தெரியும். அதில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு பையன் மெதுவாகப் போனான். இரண்டு கன்னமும் பந்து மாதிரி வீங்கியிருந்தன. சேகரின் மகன். அவன் பின்னால் ஒரு பெண் பிள்ளை. அவளுக்கும் வீக்கம். அப்புறம் இன்னொருவன். ஒரு சத்தம் இல்லை. வரிசையாக, துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி, வீங்கின கன்னங்கள் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

தண்ணீர்க் கபடி எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரு வாயில்தான் தண்ணீர் இருக்கும். சிந்தாமல் தொட்டியைச் சுற்றி வர மொத்த வகுப்புக்கும் அன்றைக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்பதை நான் எங்கே கண்டேன்? கண்டாலும் மூளைக்குப் போயிருக்காது. வழியில் பயம் உட்கார்ந்திருந்தது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். அதை என் மனைவி இன்றைக்கும் வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் காபிக்குப் பிறகு போட்டுக் காட்டுவாள். "எல்லாருக்கும் வணக்கம். யாரும் பதட்டப்பட வேணாம். மூணாங்கிளாஸ் மொத்தத்துக்கும் பொன்னுக்கு வீங்கி. ஒருத்தன் பாக்கி இல்ல. யாரும் பதட்டப்பட வேணாம்." நடுவில் நான் மூச்சு வாங்குவதும், ஸ்டூலைத் தடுக்கி விழுவதும் தெளிவாகக் கேட்கும்.

ஸ்டாண்டிலிருந்து சேகர் வந்த வேகத்தில் ஆட்டோ கேட்டை முட்டி நின்றது. வழியில் வீட்டுக்குப் போய் மனைவியின் சங்கிலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இன்னும் ஐந்தாறு பேர், கையில் வேப்பிலை, மஞ்சள், சங்கிலி. என் மனைவி ஒரு முழு வேப்பங்கிளையோடு வந்தாள்.

"இத்தினி பெருசு எதுக்குடி?"

"நீ சொன்னது நெசமா இருந்தா இலை ஆவும். பொய்யா இருந்தா கொம்பு ஆவும்."

எல்லோரும் ஒன்றாக உள்ளே பாய்ந்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், கன்னங்கள் உப்பி, கண்கள் விரிந்து. மிஸ் ஒரு கையை உயர்த்தியபடி நின்றார். சேகர் ஓடிப்போய், "டேய் நைனா, உனக்கு இன்னாடா ஆச்சு" என்று மகன் கழுத்தில் சங்கிலியை மாட்டினான். அது அவன் தொப்புள் வரைக்கும் தொங்கியது. பையன் குனிந்து சங்கிலியைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் அவனைப் பார்த்தான். அவ்வளவுதான். முதல் வாய் சேகரின் முகத்தில் பீச்சியது. அதைப் பார்த்து அடுத்த வாய். அதைப் பார்த்து மொத்த வரிசையும். எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைத்தது.

பிறகு சிரிப்பு. இத்தனை மாதமாக அந்தச் சந்தில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும். நாங்களும் கத்தினோம். சேகர், "யோவ் தும்மல்! எங்க இருக்கற, வெளிய வாய்யா!" என்று என்னைத் தேடினான். நான் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன்.

கரஸ்பாண்டென்ட் படியில் இறங்கி வந்தார். கையால் ஒரு காதை மூடியிருந்தார்.

"என்ன மிஸ் இது? சந்தையா? இன்னையோட சரி. நாளையிலருந்து அந்தப் பீரியட் கணக்குக்கு."

சந்து அடங்கிவிட்டது. பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்த்தார்கள். அவர் கெஞ்சவில்லை. கால் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சார், பசங்க இத்தினி நாளா ஒரு சத்தம் போடல. இன்னிக்குப் பெத்தவங்க வந்ததும்தான் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் குடுங்க. பெத்தவங்களும் பசங்களும் சேந்து ஒரு ஆட்டம் ஆடட்டும். ஒரே ஒரு சத்தம் உங்க காதுல விழட்டும், பீரியட நானே கணக்கு மிஸ் கையில குடுத்துட்டு, சைக்கிள எடுத்துகினு போய்டறேன்."

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். நனைந்த சட்டைகள், வேப்பிலைகள். இவர்களால் முடியாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான், "சரி, ஆடுங்க" என்றார்.

மிஸ் விரலை நீட்டினார். கடவுளே, சேகராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விரல் தொட்டிக்குப் பின்னால் திரும்பியது.

"அண்ணே, நீங்க வாங்க. மொதல்ல பாடிப் போறது நீங்க. வாய் நெறைய ஊத்திக்கணும்."

ஊரிலேயே அதிகம் கத்துகிற ஆளைக் கூப்பிட்டார். சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். "மிஸ்ஸு, வேற ஆளே கெடைக்கலயா? ஏற்கனவே சோலி முடிஞ்சுது."

பாப்பாதான் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊற்றிக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பின. கோட்டின் முன்னால் போய் நின்றேன். எதிரில் பிடிக்கிற பிள்ளைகள் கை கோத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது.

மிஸ் பாப்பாவைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி வேப்பங்கிளையை ஒரு ஆட்டு ஆட்டி, "போ" என்று சைகை காட்டினாள். மிஸ் தன் இடுப்புப் பையைத் திறந்து பம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வைதான் அது. பாப்பாவும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று தலையாட்ட எனக்கு நேரம் இருந்தது. தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே விளங்குவதற்குள் பாப்பா போய் அந்தக் காலி இடத்தில் நின்றுவிட்டாள்.

மிஸ்ஸின் ஐந்து விரல்களும் விரிந்தன. கோட்டைத் தாண்டினேன்.

என் தொப்பையோடு நான் பாடிப் போன அழகை விட்டுவிடலாம். பிள்ளைகள் பின்வாங்கினார்கள், வளைந்தார்கள். நான் இடது பக்கம் கை வீசினேன். அப்போது பாப்பா ஓடினாள். என் மகள் ஓடி நான் அன்றுவரை பார்த்ததில்லை. ஒன்றிரண்டு அடி வைத்ததும் நிறுத்திவிடுவேன். இப்போது அவள் சந்தின் அகலத்துக்கு ஓடி என்னைச் சுற்றி வளைத்து வந்தாள். கழுத்தெலும்பு ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. 'ஏய், ஓடாத, நில்லு, மூச்சு, மூச்சு' என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பி என் தொண்டைக்கு வந்து, பல் வரைக்கும் வந்து, தண்ணீரில் முட்டி நின்றது. வாயைத் திறந்தால் கத்தல் வெளியே வரும். கத்தினால் பீரியட் போகும். இத்தனை பிள்ளைகளும் என் கன்னத்தையே பார்க்கிறார்கள். படியில் கரஸ்பாண்டென்ட் காதை நீட்டி நிற்கிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே இல்லை. ஐந்து விரலில் இன்னும் இரண்டுதான் மடங்கியிருந்தன.

கோட்டைத் தொடத் திரும்பினேன். பாப்பா பின்னாலிருந்து வந்து என் கணுக்காலைப் பிடித்தாள். மணலில் குப்புற விழுந்தேன். கையை நீட்டினேன்; கோடு எட்டவில்லை. மற்ற பிள்ளைகளும் முதுகில் ஏறினார்கள். ஒரு சத்தம் இல்லை. வாயில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது. என் காலைக் கட்டிக்கொண்டு, மணலில் முகத்தை வைத்து, பாப்பா மூச்சு வாங்கினாள். வேகமாக. நெஞ்சு என் காலில் மோதி மோதி வந்தது. நான் அந்த விசிலைத் தேடினேன். காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். இல்லை. வெறும் மூச்சு. ஓடின பிள்ளைக்கு வரும் மூச்சு. நான் எப்போதும் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் அது என் காதில் விழ வழியே இருந்ததில்லை.

மிஸ் வந்து குனிந்து அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தார். பம்பைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

நான் தண்ணீரை விழுங்கிவிட்டேன். மிஸ் கையைத் தூக்கி நான் அவுட் என்று காட்டினார். பாப்பா எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, என் வாயையே பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். அவள் சிவப்பு நாற்காலிக்குப் போகவில்லை. தன் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

படியிலிருந்து கரஸ்பாண்டென்ட், "அடுத்து யாரு?" என்றார். அவரை அறியாமலே கேட்டுவிட்டார். மிஸ் திரும்பி, உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தார். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பீரியட் தப்பித்தது. அந்தப் பள்ளியில் மிஸ் மட்டும் அடுத்த வருஷம் இல்லை. ஒரே இடத்தில் இருக்கிற ஆளா அவர்? எங்கே போனார் என்று சரியாகத் தெரியாது. கொஞ்ச நாள் முன்பு சேகர் சவாரி போய்விட்டு வந்து சொன்னான்.

"மாமே, வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்புல பெஞ்சு காலியாக் கீது. சனம் மொத்தமும் நின்னுகினு கீது. அந்தம்மா அந்தப் பக்கம்தான் எங்கியோ கீது, எழுதி வெச்சுக்கோ."

பாப்பா இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே நிஜ மைதானம் இருக்கிறது. சத்தம் போட்டுத்தான் கபடி ஆடுகிறார்கள். தினமும் சாயந்திரம் பம்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பாள். அவள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டதும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, பாட்டிலைத் திறந்து, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பேன்.

"போய்ட்டு வரேம்ப்பா."

தலையை மட்டும் ஆட்டுவேன். நகலெடுக்க வந்தவர்கள் ஏதோ பல் வலி என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் பெடலில் ஏறி நின்று மிதித்து, தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம்தான் விழுங்குவேன்.